எண்ணெய்த் தலையோடு ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய் முழுக்கு. கனடாவுக்கு வந்தபிறகு என் கணவர் எத்தனையோ விஷயங்களை விட்டுவிட்டார். மீசையை விட்டார், வெற்றிலையை விட்டார், மத்தியானத் தூக்கத்தை விட்டார். சனி முழுக்கை மட்டும் விடவில்லை. வெளியே மூக்கு விறைக்கும் குளிராக இருந்தாலும் சரி, நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்து, ஒரு மணித்தியாலம் ஊறி, பிறகு சீயாக்காய் வைத்துத் தோய்ந்தால்தான் அவருக்கு அந்தக் கிழமை கழிந்ததாகக் கணக்கு.

மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கத்தில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் அப்போது இருந்தோம். அவர், நான், எங்கள் ஏழு வயது மகள். அவருக்குக் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. எனக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை. கிழமை முழுக்க ஆளுக்கொரு திசையில் ஓடிவிட்டுச் சனிக்கிழமை காலையில்தான் மூன்று பேரும் ஒன்றாக உட்காருவோம். பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, கதிரைகளில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, எண்ணெய் வடிய வடியக் குசினி அடுப்புச் சூட்டில் இருப்போம்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் சட்டம் கடுமையானது. கதவு திறக்கக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, ஒருவரும் வெளியே தலை காட்டக் கூடாது. எண்ணெய்த் தலையில் குளிர்காற்றுப் பட்டால் சளியும் தடிமனும் பிடித்துவிடும் என்பது தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலிருந்தும் அவருக்கு வந்துசேர்ந்த ஞானம். மற்ற நாட்களில் கறிக்கு உப்புக் குறைவு என்றுகூட வாய் திறக்காத மனிதர், முழுக்கு நாளில் மட்டும் பெரிய தளபதியாகிவிடுவார். நானும் மகளும் கண்ணால் பேசிச் சிரித்துக்கொள்வோம்.

நான் சொல்லவந்த சனிக்கிழமை ஒரு தை மாதத்தில் வந்தது. அந்த முறை குளிர்காலம் ஏமாற்றிக்கொண்டிருந்தது. மழை பெய்தது, உறைந்தது, சேறானது. வெள்ளையாகக் கண்ணுக்கு ஒன்றும் விழவில்லை. பனியில் விளையாடவென்று வாங்கிய மகளின் ஊதா உடுப்பு விலைச்சீட்டோடு கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஆனால் அன்றைக்கு என் கவலை பனி பற்றியது அல்ல. ரொறன்ரோ பற்றியது.

இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த ஆண்டுகளில் மொன்றியல் தமிழ்ச்சனம் குடும்பம் குடும்பமாக ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிரெஞ்சு வேண்டாம், தமிழிலேயே சீவிக்கலாம் என்று போனவர்கள் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். என் தங்கை ஏற்கனவே போய்விட்டாள். என் கணவரின் அக்கா ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் சொந்த வீடு வாங்கியிருந்தார். நான் அவரை மச்சாள் என்று அழைப்பேன். அந்த வீட்டின் பேஸ்மென்ற் காலியாகியதும் மச்சாள் தொலைபேசியில் எங்களைப் பிடித்துக்கொண்டார். பேஸ்மென்றில் நாங்கள் இருக்கலாம், தம்பிக்கு அத்தான் வேலை பார்த்து வைத்திருக்கிறார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில். எல்லாம் ஆயத்தம், நாங்கள் பஸ் ஏறுவதுதான் பாக்கி.

"என்ன, போவமே?" என்று கணவர் ஒரு ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார்.

"உங்கட விருப்பம்" என்றேன்.

"உமக்கு எப்பிடி?"

"நீங்கள் சொன்னாச் சரிதான்."

"அப்ப ஓம் எண்டு சொல்லுவம்" என்றார். அவர் கோப்பையைக் கழுவப் போனார், நான் மேசையைத் துடைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் புருஷன் பெண்சாதிக் கதை இவ்வளவுதான் நீளும்.

எனக்குப் போகத் துளியும் விருப்பமில்லை. மச்சாள் நல்லவர்தான், கையில் இருப்பதை எல்லாம் அள்ளிக் கொடுப்பார். ஆனால் அவருடைய காலடிச் சத்தத்துக்குக் கீழே என் உலையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இலவச வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்து, நாக்குச் சுளுக்கிச் சுளுக்கி, நானாகத் தேடிப் பிடித்த வேலை. காப்பகத்துப் பிள்ளைகள் நான் வைக்கும் பருப்புச் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மூலைக்கடைக்காரி என்னைக் கண்டால் பெயர் சொல்லி போன்ஜூர் என்பாள். கலியாணம் கட்டி வந்த இடத்தில் யாருடைய மனைவி, யாருடைய மருமகள் என்று கேட்காமல் என்னை நானாகத் தெரிந்த ஊர் இதுதான்.

இதையெல்லாம் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்றால், காரணம் அவர்தான். பிரெஞ்சு அவருக்கு வராது என்பது வீட்டில் முடிந்த முடிவு. கடையில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டு, தான் பால் பெட்டிகளை ஆராய்ச்சி செய்துகொண்டு நிற்பார். வேலைக்கும் வாயைப் பூட்டிக்கொண்டுதான் போய்வருகிறார் என்று நினைத்தேன். ரொறன்ரோவில் அக்கா இருக்கிறார், அத்தான் இருக்கிறார், கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். மனிதர் அங்கே போயாவது வாய்விட்டுச் சிரிக்கட்டுமே என்று என் விருப்பத்தை விழுங்கிக்கொண்டேன். போதாததற்கு, அந்தச் சனிக்கு முதல்நாள் வீடு கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே புது நீலக் கயிற்றுச் சுருள் ஒன்றைக் கண்டேன். பெட்டிகள் கட்ட இப்போதே வாங்கிவிட்டாரா என்று அதை விளக்குமாற்றால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன்.

அன்றைக்கு மச்சாள் கடைசிப் பதில் கேட்டு மத்தியானத்துக்குள் தொலைபேசி எடுப்பதாக இருந்தது. வேறொரு குடும்பம் அந்த பேஸ்மென்றைப் பார்க்க வருகிறதாம். நாங்கள் ஓம் என்றால் அவர்களை வரவேண்டாம் என்பாராம். அதனால் காலையிலிருந்தே எனக்குச் சுவர்த் தொலைபேசியைப் பார்க்கப் பார்க்கக் கோபம். அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்தது. நான் மகளின் தலையில் எண்ணெயை வைத்து என் ஆத்திரத்தையும் சேர்த்துத் தேய்த்தேன்.

"அம்மா, நோகுது!" என்று அவள் கத்தினாள்.

"பிள்ளையின்ர தலை அது, அம்மியில்லை" என்றார் கணவர். தளபதி அப்போது இடுப்பில் சாரத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்கக் கதிரையில் வீற்றிருந்தார்.

எண்ணெய் வைத்துக் கால்மணித்தியாலம்கூட ஆகியிராது. மகள் ஜன்னலைப் பார்த்துத் துள்ளி எழுந்தாள். "இல் நேஜ்! இல் நேஜ்!" என்று பள்ளிக்கூடப் பிரெஞ்சில் கத்தினாள். பிறகு எங்களுக்கும் விளங்கட்டும் என்று, "ஸ்நோ கொட்டுது அப்பா!" என்றாள்.

உண்மைதான். காற்றே இல்லாமல், பெரிய பெரிய துகள்களாக, அவசரமில்லாமல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஓடிய குறுகலான ஒழுங்கை, குப்பை வாளிகள், எதிர்வீட்டு இரும்புப் படிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தன. அதுவரை சேறாக இருந்த இடமா இது என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. மகள் ஜன்னல் கண்ணாடியில் எண்ணெய் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வெளியில போகட்டே?"

"எண்ணெய்த் தலையோடயோ? தோய்ஞ்சு போட்டுப் போகலாம்."

"அதுக்குள்ள நிண்டிடும் அப்பா!"

மேகத்தின் ஒரு ஓரம் ஏற்கனவே வெளிக்கத் தொடங்கியிருந்தது. அவள் சொல்வது சரி என்று அவருக்கும் தெரிந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய உடுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். தளபதி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒரு பிளாஸ்ரிக் பை தாரும்" என்றார்.

என் காதுகளையே நம்பமுடியவில்லை. கடைப்பை ஒன்றை அவள் தலையில் மாட்டி, அதற்குமேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு, ஊதா உடுப்புக்குள் அவளைத் திணித்தோம். அவள் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சுலபமாகவே உள்ளே போனாள். பின்பல்கனிக் கதவை அவர் திறந்துவிட்டார். தான் வாசலில் நின்று பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவள் படிகளின் பக்கம் ஓடியதும் இவரும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"ஐயோ, ஜாக்கெற்றைப் போடுங்கோ!" என்று கத்தினேன்.

"புது ஜாக்கெற்றடியப்பா! எண்ணெய் பட்டாப் போகாது!"

இதுதான் எங்கள் ஆட்களின் மூளை. ஜாக்கெற்றைக் காப்பாற்றுவதற்காக, சாரமும் சப்பாத்துமாக, வெறும் மேலோடு ஒரு மனிதர் கனடாப் பனியில் நிற்கிறார். துகள்கள் அவருடைய தோளில் விழுந்து, எண்ணெயில் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக் கீழே போயின. மகள் கைப்பிடிக் கம்பியில் சேர்ந்த பனியை வழித்து உருட்டி அவருடைய முதுகில் எறிந்தாள். அதுவும் வழுக்கியது. அவர் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரரின் விளக்கு ஆடியிருக்கும். நான் உள்ளே நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போதுதான் ஒழுங்கைக்கு அந்தப்பக்கத்துப் பல்கனிக் கதவு திறந்தது. அங்கே ஒரு கியூபெக் கிழவர் தனியாக இருந்தார். சிகரெட் பிடிக்க வெளியே வருவார், கையசைப்பார். அதற்குமேல் எனக்கு அவரைத் தெரியாது. அவர் என் கணவரைக் கண்டு, கையிலிருந்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து, "உனக்குப் பைத்தியமா, குளிரவில்லையா?" என்று பிரெஞ்சில் சத்தம் போட்டார். இனி இவர் முழிப்பார், நான்தான் போய்ப் பதில் சொல்லவேண்டும் என்று கதவுப்பிடியில் கை வைத்தேன்.

வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. என் கணவர் பதில் சொன்னார். பிரெஞ்சில் சொன்னார். இலக்கணத்தை மூன்று மாடிக்குக் கீழே எறிந்துவிட்டு வந்த பிரெஞ்சு, ஆனால் தடங்கல் இல்லாமல் ஓடியது. எண்ணெய் என்றார், நல்ல எண்ணெய் என்றார், நெஞ்சில் அறைந்து காட்டிக் குளிர் இல்லை என்றார். கிழவர் சிரித்தார். உங்கள் முழங்கால் எப்படி என்று இவர் கேட்டார். இன்னும் நோகிறது என்றார் அவர். கொஞ்சம் எண்ணெய் தருகிறேன், பூசிப் பாருங்கள் என்றார் இவர். புதிதாகப் பழகுகிற இருவர் இப்படிப் பேசமாட்டார்கள். நான் காலை வேலைக்கு ஓடியபிறகு, இவர் பின்னேர வேலைக்குப் போகுமுன், இந்தப் பல்கனியில் எத்தனை நாள் கதை நடந்திருக்கிறது என்று யோசித்தேன். கடையில் பால் பெட்டி பார்த்துக்கொண்டு நின்ற கள்ளனுக்கு என் முன்னால் பிழைவிட்டுப் பேசத்தான் வெட்கம்.

பிறகு இவர் கைகளை நீட்டினார். போன கோடையில் நாங்கள் பல்கனியில் வாளியில் வைத்த பாவற்கொடியைப் பற்றிய பேச்சு. இந்தக் கோடைக்கு இங்கிருந்து உங்கள் பல்கனிவரை கயிறு கட்டுவோம், பாதி கொடி உங்களுக்கு, பாதி எனக்கு என்று கையாலும் வாயாலும் சொன்னார். கயிறு தான் வாங்குவதாகக் கிழவர் சொன்னார்.

"நோ, நோ" என்றார் என் கணவர். கயிறு தான் ஏற்கனவே வாங்கிவிட்டாராம். நீலக் கயிறாம். நல்ல பலமாம்.

கட்டிலுக்குக் கீழே நான் கண்ட அதே கயிறு. ஸ்காபரோவுக்குப் போக விரும்புகிறவன் செயின்ட்-மிஷேல் ஒழுங்கைக்குக் குறுக்கே பாவற்கொடி படரவிடக் கயிறு வாங்குவானா? இந்த மனிதருக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. வாய் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. வெளியே சிரிப்புச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"தம்பி எங்கை?" என்றார் மச்சாள்.

"வெளியில நிக்கிறார் மச்சாள். எண்ணெய் வைச்சிருக்கிறார்."

"எண்ணெய் வைச்சவனை ஏன் பிள்ளை வெளியில விட்டனீர்? சரி, வீடு பாக்கிற சனம் வெளிக்கிட்டிட்டுதாம். நான் அதுகளை வரவேண்டாம் எண்டு சொல்லட்டே?"

"சொல்லாதேங்கோ மச்சாள். அவையளுக்கே குடுங்கோ. நாங்கள் வரேல்லை."

அந்தப் பக்கம் மச்சாள் யாரையோ ரீவியை நிறுத்தச் சொன்னார்.

"தம்பியோ சொன்னவன்?"

"இல்லை. நான்தான் சொல்லுறன்."

"அவனைக் கேட்டனீரோ?"

"கேக்கேல்லை மச்சாள்."

"நல்ல கதை! கேக்காமல் நீர் எப்பிடிச் சொல்லுவீர்? அவனை உடனை எனக்கு எடுக்கச் சொல்லும்" என்று வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் பனி நின்றிருந்தது. வெய்யில் எட்டிப்பார்த்து, கூரைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியிருந்தது. மகள் உள்ளங்கையளவு பனிமனிதன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து குளிர்ப்பெட்டிக்குள் இறைச்சிப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் கணவரும் உள்ளே வர, நான் கதவைச் சாத்தினேன். கலியாணமாகி ஒன்பது வருடம், ஜன்னல் சீலைக்கு நிறம் தெரிவுசெய்வதென்றாலும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்வேன்.

"உங்கட அக்கா எடுத்தவ" என்றேன். "நாங்கள் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் நின்றார். தலையிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் பத்திரிகைத் தாளில் விழுந்தன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் தெரியாது. அதுதான் இந்த மனிதரோடு உள்ள கரைச்சல். ஒருவேளை நான் கயிற்றை வைத்துக் கோட்டை கட்டிவிட்டேனோ? தமக்கையின் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனோ?

"அக்கா என்ன சொன்னவ?"

"உங்களை உடனை எடுக்கட்டாம்."

"நம்பரை அமத்தும்" என்றார். இரண்டு எண்ணெய்க் கைகளையும் தூக்கிக் காட்டினார்.

நான் அமத்தினேன். ரிசீவரை நானே அவருடைய காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சாளின் குரல் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கவேண்டிய குரல் அல்ல, எனக்கும் எல்லாம் கேட்டது.

"தம்பி, இதென்ன பகிடி? உன்னைக் கேக்காமல் அவள் முடிவு சொல்லுறாள். நீ உன்ர வாயால சொல்லு. வாறியோ இல்லையோ?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, அவ சொன்னதுதான். நாங்கள் ரெண்டுபேரும் இருந்து யோசிச்சு எடுத்த முடிவு."

மச்சாள் அதற்குப் பிறகும் பேசினார். நன்றாகவே பேசினார். என்னைப் பற்றிக் கொஞ்சம், தம்பியின் முதுகெலும்பைப் பற்றிக் கொஞ்சம். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் அக்கா, ஓம் அக்கா என்றார். கடைசியில், கோடை விடுமுறைக்கு என்றாலும் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுங்கோ என்று மச்சாளின் குரலும் இளகியது. நான் ரிசீவரைக் கொழுவினேன்.

"எப்ப நாங்கள் ரெண்டுபேரும் இருந்து யோசிச்சனாங்கள்?" என்று கேட்டேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். மகளும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

"அப்ப ஏன் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லுவம் எண்டனீங்கள்?"

"உம்மட தங்கச்சி அங்கை இருக்கிறா. சொந்தபந்தம் எல்லாம் அங்கை. நான் வேலைக்குப் போனா இஞ்சை உமக்கு ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சன்."

"ஏன், நீங்கள் இருக்கிறியள்தானே" என்றேன்.

சொன்னபிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்படி ஒரு வார்த்தை ஒன்பது வருடத்தில் என் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து வந்து, எண்ணெய்க் கையால் என் கன்னத்தைப் பிடித்தார், பட்டப்பகலில், மகள் பார்த்துக்கொண்டு நிற்க.